எழுத்தைச் சாய்த்தால் அழகாகிவிடுமா?

நிக்காஹ் அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மதுரை நெல்பேட்டையிலிருந்து வந்ததாயினும் சரி, மேலூர், சோழவந்தான், திருமங்கலம் என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்ததாயினும் சரி, பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கும். தடித்த அட்டை, அதன்மேல் பொன்னிறப் பூச்சு, உச்சியில் பிறை அல்லது 786 என்னும் எண். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். ஆங்கிலம் கொடியெனச் சுழன்று வலப்புறம் சாய்ந்து கிடக்கும். தமிழும் அதற்கு ஒத்தூதுவதுபோல் அதே கோணத்தில் சாய்ந்து கிடக்கும். மணமகன் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! கண் மங்கிவிட்டது என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பழி கண்ணின்மீது அன்று, அட்டையின்மீது.

இந்தச் சாய்வை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றேன். சமுதாயத்தை எதிர்நோக்கும் இடர்கள் இத்தனை இருக்க, எழுத்தின் கோணலைப் பற்றியா பேசுவது என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஒரு குடும்பம் ஊராருக்கு அனுப்பும் ஓலை அந்தக் குடும்பத்தின் முகம். முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு விருந்துக்கு அழைப்பவர் உண்டா?

முதலில் ஆங்கிலப் பக்கத்தின் நியாயத்தைச் சொல்லிவிடவேண்டும். அந்தச் சுழலெழுத்து தன்னளவில் குற்றமற்றது, உயர்குடிப் பிறப்புடையது. அதன் தாயகம் இத்தாலி. பதினைந்தாம் நூற்றாண்டில் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர் நிக்கோலோ நிக்கோலி முதலியோர் பழைய நூல்களை விரைந்து படியெடுப்பதற்காகப் பழக்கிக்கொண்ட கையெழுத்து அது. இறகுப் பேனாவைத் தாளிலிருந்து அடிக்கடி தூக்காமல் எழுதியபோது எழுத்துகள் ஒடுங்கின. ஒன்றையொன்று நாடிச் சற்றே சாய்ந்தன. அந்தக் கையெழுத்தைப் பார்த்து வெனிஸ் நகரில் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் கம்மியர் அச்சு வெட்டினார். அதைக் கொண்டு ஆல்டஸ் மனூசியஸ் என்னும் பதிப்பாளர் 1501ஆம் ஆண்டு வர்ஜில் என்னும் இலத்தீன் கவிஞரின் நூலைக் கைக்கடக்கமான அளவில் வெளியிட்டார். முழுக்க முழுக்கச் சாய்வெழுத்தில் வந்த முதல் நூல் அதுவே. அதிலும் பேரெழுத்துகள் சாயவில்லை, நேராகவே நின்றன. 1522இல் ரோமாபுரியில் போப்பாண்டவரின் அரண்மனை எழுத்தராயிருந்த லுடோவிக்கோ அர்ரிகி இக்கையெழுத்தைக் கற்பிக்க ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

நம் அழைப்பிதழ்களில் இன்று உலவும் ஆங்கில எழுத்து அந்த அர்ரிகியின் வழித்தோன்றல். ஜெர்மானிய எழுத்தோவியர் ஹெர்மன் சாப்ஃப் 1979இல் வரைந்தளித்த ‘சாப்ஃப் சான்சரி’யும், 1990களின் தொடக்கத்தில் பட்ரீஷியா சாண்டர்ஸ் என்னும் அம்மையார் வரைந்த ‘மோனோடைப் கார்சிவா’வும் அக்கையெழுத்திலிருந்து பிறந்தவை. பின்னது மைக்ரோசாப்டின் அலுவலக மென்பொருளோடு வந்து, உலகெங்கும் சான்றிதழ், பட்டயம், விருந்தோலை யாவற்றிலும் குடியேறிவிட்டது. சாப்ஃப் அரபு அச்செழுத்து ஒன்றையும் வரைந்தவர் என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

இவர்கள் செய்த பணியைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். நேரெழுத்தைப் பிடித்து வலப்புறம் தள்ளி இதனை உண்டாக்கவில்லை. ஆங்கிலத்தின் ‘ஏ’ என்னும் சிற்றெழுத்து நேரெழுத்தில் இரண்டு அடுக்காக இருக்கும். சாய்வெழுத்தில் ஒரே சுழிப்பில் முடியும். ‘எஃப்’ என்பதற்குக் கீழே வால் வளரும். உருவமே வேறு, நடையே வேறு. சாய்வு என்பது அந்த நடையின் விளைவு. விரைந்து நடப்பவன் உடல் சற்று முன்சாய்கிறது என்பதற்காக, நின்றுகொண்டிருப்பவனைப் பிடித்துத் தள்ளினால் அவன் நடப்பவனாகிவிடுவானா? விழுவான்.

அந்த நல்ல எழுத்தையும் நாம் ஆளும் வகைதான் வேதனை. இதன் பேரெழுத்துகள் ஒவ்வொன்றும் வளைவும் வாலும் கொண்டு, ஒரு சொல்லின் முதலில் ஒரே ஒரு முறை வந்து நிற்பதற்கென்று வரையப்பட்டவை. நம் அச்சுக்கூடங்களிலோ பெயர் முழுவதையும் பேரெழுத்திலேயே கோக்கிறார்கள். அதன்பின் எம்.ஏ., பி.எட்., எம்.பி.ஏ. என்று பட்டங்கள் வேறு, அவையும் வாலோடு! ஒரு சந்துக்குள் பத்து மாப்பிள்ளை ஊர்வலங்கள் ஒரே நேரத்தில் நுழைந்தாற்போல் எழுத்துகள் முட்டிக்கொள்கின்றன. பெயர் ஒன்று, ஒரு வரி வாழ்த்து, ஒரு சிறு கவிதை ஆகியவற்றுக்கு இவ்வெழுத்து ஏற்றது. முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்கும் இதைப் பயன்படுத்துவது, அத்தர்க் குப்பியில் குழம்பு ஊற்றுவது போன்றது.

இனித் தமிழ்ப் பக்கம். இங்கேதான் என் சினம் முழுவதும் இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தில் நல்லது ஒன்றைத் தவறாகப் பயன்படுத்தினோம். தமிழ்ப் பக்கத்திலோ எழுத்தே இல்லாத ஒன்றை எழுத்தென்று அச்சிடுகின்றோம். கணிப்பொறியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்தையும் அது சாய்த்துவிடும். அதற்குக் கையும் தெரியாது, கலமும் தெரியாது. ‘ண’கரத்தின் சுழிகள் நசுங்கி முட்டையாகின்றன. ‘ட’கரத்தின் நிமிர்ந்த கோடு காற்றில் சாய்ந்த வேலிக்கம்பாகிறது. வளைவுகளில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகின்றன. அந்தத் தடிப்பையும் மெலிவையும் எந்தக் கையும் எழுதியதில்லை. ஆங்கிலச் சிற்றெழுத்து ஒடுங்கியது, சாய்வைத் தாங்கும். தமிழெழுத்து அகன்றது, சுழி மிகுந்தது, அடித்தளத்தில் அமர்ந்து எழுவது. அதற்கென்று ஒரு சாய்வு வேண்டுமானால் அதன் கையெழுத்திலிருந்து தோன்றவேண்டும். நம் அச்சு மரபில் அழுத்திச் சொல்ல வேண்டியதைத் தடித்த எழுத்திலோ மேற்கோள் குறிக்குள்ளோ இட்டுவந்தவர்கள் ஏழைமையால் அப்படிச் செய்யவில்லை. தமிழெழுத்தின் இயல்பறிந்து செய்தார்கள்.

கையை அறியாமல் அச்சு வெட்டினால் என்னவாகும் என்பதற்கு வெனிஸ் நகரமே சான்று. சாய்வெழுத்தைப் பெற்றெடுத்து நாற்பதாண்டு நிறைவதற்குள், 1537-38இல், அதே நகரில் பகனீனோ, அலெசாண்ட்ரோ என்னும் தந்தையும் மகனும் திருக்குர்ஆனை அரபு அச்சில் பதிப்பித்தார்கள். முதன்முதலாக அச்சேறிய முழுக் குர்ஆன் அதுவே. கீழை நாடுகளில் விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அதில் எழுத்துப் பிழைகள் மலிந்தன; அரபுக் கையெழுத்தின் ஓட்டம் அதில் இல்லை; வாணிகம் தோற்றது. அதன் ஒரே ஒரு படி 1987ஆம் ஆண்டுதான் வெனிஸ் நகரத்து மடம் ஒன்றின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. தன் மொழியின் கையெழுத்தை அவ்வளவு நுட்பமாக அச்சில் ஏற்றிய ஊர், அடுத்தவர் கையெழுத்தைக் கற்காமல் தொட்டபோது இப்படி வழுக்கியது!

கற்றபின் தொட்டவரும் உண்டு. பிரான்சு நாட்டு இராபர்ட் கிரான்ஜோன் இத்தாலியச் சாய்வெழுத்துகளை வெட்டுவதில் பெயர் பெற்றவர். முதுமையில் ரோமாபுரிக்கு வந்து, அரபு அச்சுகளை வெட்டினார். அவ்வச்சுகளைக் கொண்டே மெடிசி அச்சகம் இப்னு சீனாவின் ‘கானூன்’ என்னும் மருத்துவ நூலை 1593இல் வெளியிட்டது. சாய்வெழுத்தையும் அரபெழுத்தையும் வெட்டியது ஒரே கை. அரபெழுத்தை வெட்டும்போது அவர் இத்தாலியச் சாய்வை அதற்கு இரவல் கொடுக்கவில்லை; அரபுச் சுவடியின் கையையே பின்பற்றினார்.

இவற்றை வேறு எவருக்கேனும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். நமக்குமா? பக்தாதில் அமைச்சராயிருந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, நாணற்கலத்தின் முனை இடும் ஒரு புள்ளியையே அளவாகக் கொண்டு ஒவ்வோர் எழுத்தின் உயரத்தையும் அகலத்தையும் வரையறுத்தார். அரசியல் பகையில் அவருடைய வலக்கையை வெட்டினார்கள் என்றால், அந்தக் கையின் மதிப்பு என்னவென்று எண்ணிப் பாருங்கள். நஸ்க் வேறு, துலுத் வேறு, நஸ்தலீக் வேறு. நஸ்கைச் சரித்தால் நஸ்தலீக் ஆகாது என்பது மதரஸாவில் அரிச்சுவடி படித்த பிள்ளைக்கும் தெரியும். கணிப்பொறியின் அந்தப் பொத்தான் அரபெழுத்தையும் வலப்புறமே சாய்க்கிறது. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து அப்போது பின்னோக்கிச் சாய்கிறது, எதிர்காற்றில் குடை பிடித்தவனைப்போல. இதைக்கூடப் பாராமல் ‘பிஸ்மில்லாஹ்’வைச் சாய்த்து அச்சிட்ட அட்டைகளையும் கண்டிருக்கிறேன்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கப்பெற்ற ‘முஸல்மான்’ என்னும் உருது நாளேடு, கணிப்பொறி வந்து ஆண்டுகள் பல கடந்தும், இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் காதிபுகளின் கையால் எழுதப்பட்டே அச்சேறிவந்தது. பாகிஸ்தானில் மிர்ஸா அகமது ஜமீல் என்னும் எழுத்தோவியர் ஆயிரக்கணக்கான எழுத்துக் கூட்டுகளைத் தம் கையால் எழுதி முடித்த பின்னரே 1981இல் ‘நூரி நஸ்தலீக்’ கணிப்பொறி அச்சில் ஏறியது. உருது பேசுவோர் தம் எழுத்தின் நடையைப் பொறிக்குப் பலியிட மறுத்தார்கள். பொறியைத் தம் நடைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ் பேசும் நாம் என்ன செய்தோம்?

நமக்குக் கையெழுத்து மரபே இல்லையென்று எவரும் சொல்ல வேண்டா. மதுரைக்கு வடகிழக்கே யானைமலையின் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரையில் 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வடமொழிப் பகுதி கிரந்தத்தில் இருக்க, தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில் ஓடுகிறது. கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் வட்டெழுத்தைக் காணலாம். பாண்டிய நாட்டின் பழைய ஓட்டெழுத்து அது. கல்லில் வெட்டியும் அதன் கையோட்டம் மறையவில்லை. சோழர் ஆட்சி இங்கே பரவியபின் அது மெல்ல வழக்கொழிந்தது. வேற்றுச் சமயத்தார் வெட்டியது நமக்கெதற்கு என்று கேட்பவருக்கு நான் சொல்லும் விடை: மதுரை மண்ணில் தமிழ் எழுதிய கை எவருடையதாயினும் அது நமக்கும் மூத்த கை.

ஆயினும் அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது அர்வி என்னும் அரபுத் தமிழ். இதைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் அதன் பழமையைப் பேசுவர், அதன் பக்திப் பெருக்கைப் பேசுவர். அதன் எழுத்தழகைப் பேசியவரை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். அரபியில் இல்லாத ட, ண, ழ, ள, ப முதலிய தமிழொலிகளுக்கு, இருக்கும் அரபெழுத்தின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்தார்கள். எகர ஒகரங்களுக்கெனத் தனிக் குறிகளைக் கண்டார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வேரூன்றி, உள்நாட்டு மதரஸாக்களிலும் பரவிய இந்த எழுத்தில் மார்க்கச் சட்டமும் மருத்துவமும் பாடலும் எழுதப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816-1898) இவ்வெழுத்தில் இயற்றிய நூல்களைத் தமிழெழுத்தறியாத நம் மூதாட்டியர் ஒழுங்காக ஓதிவந்தார்கள்.

இந்நூல்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தவை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். காதிப் கொழுப்பு மை கொண்டு எழுதிய பக்கத்தை அப்படியே கல்லில் ஏற்றி, கல்லிலிருந்து தாளுக்கு எடுப்பார்கள். ஆகவே, அச்சுக்கோப்பவர் அடுக்கிய ஈயத் துண்டுகள் இதில் இல்லை. நாம் காண்பது ஒரு மனிதரின் கை. கலத்தைச் சாய்த்துப் பிடித்த கோணம், இழுப்பில் தடித்துத் திருப்பத்தில் மெலியும் கோடு, வரி முடியுமிடத்தில் இடம் போதாமல் கடைசிச் சொல்லைச் சற்றே மேலேற்றி எழுதிய சாமர்த்தியம், ஓரத்தில் குறுக்கே எழுதிய குறிப்புரை ஆகிய யாவும் அங்கே உண்டு. பட்டைமுனைக் கலம் கொண்டு தமிழ்மொழியைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தது நம் சமுதாயம். இத்தாலியர் தம் சாய்வெழுத்தைக் கண்டெடுத்தது இப்படிப்பட்ட எழுத்தர் கையிலிருந்துதான். அவர்கள் அதை அச்சில் ஏற்றி உலகாளவிட்டார்கள். நாம் நம்முடையதைச் சாக்கில் கட்டிப் பள்ளிவாசல் மூலையில் வைத்தோம். கறையான் தின்றது போக எஞ்சியதை, படிக்கத் தெரியாமல், குர்ஆன் தாளாக இருக்குமோ என்ற அச்சத்தில் மண்ணில் புதைக்கின்றோம். அச்சம் நல்லதே. புதைக்குமுன் அதைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் ஒருமுறை காட்டவும், பக்கங்களைப் படமெடுத்து வைக்கவும் என்ன தடை?

அர்வி வலமிருந்து இடமாக ஓடுவது, எழுத்துகள் கைகோத்து நிற்பவை. தமிழெழுத்து இடமிருந்து வலமாகத் தனித்தனியே நிற்பது. ஒன்றன் சுழியை மற்றொன்றில் ஒட்டவைத்தால் கோமாளித்தனம்தான் மிஞ்சும். தமிழ் எழுத்துகளை அரபுபோல் வளைத்துக் கடைப்பலகைகளில் எழுதுகிறார்களே, அதை நான் வேண்டவில்லை. நான் வேண்டுவது கலத்தின் ஒழுக்கம். ஒரு கோணம், ஒரு முனை, ஓர் அளவுப்புள்ளி. இவற்றோடு ஓர் இளைஞர் ‘அ’கரத்தையும் ‘ழ’கரத்தையும் ஆயிரம் முறை எழுதிப் பார்த்தால், தமிழுக்குரிய சாய்வு எவ்வளவு என்று அந்தக் கையே சொல்லும். ஒருவேளை சாய்வே வேண்டாம் என்றும் சொல்லலாம்.

தமிழெழுத்தில் கைவைப்பது கூடாது என்பார் சிலர். வீரமாமுனிவர் எகர ஒகரங்களைத் திருத்தினார். 1978இல் தமிழ்நாட்டரசு ‘ணை’, ‘லை’, ‘னா’, ‘றா’ போன்றவற்றின் வடிவத்தை மாற்றி ஆணையிட்டது. இன்று நம் பிள்ளைகள் எழுதுவது அந்த வடிவமே. மாறாத எழுத்து உலகில் எது? வேறு சிலர், எளிமையாக நடக்கவேண்டிய நிக்காஹுக்கு எழுத்தழகு ஆடம்பரம் என்பர். அட்டைக்குப் பொன்பூச்சு ஆடம்பரம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் பணமும் போகிறது. நல்ல எழுத்துக்கு ஒரு காசும் கூடுதலாகாது. வெள்ளைத் தாளில் கருப்பு மையில் நல்ல எழுத்தில் அச்சிட்ட ஓலையைவிட எளிமையானது எது? இன்னும் அச்சகத்தார் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்கிறார், நாங்கள் தருகிறோம் என்பது அவர்கள் வாதம். எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவகாசியிலிருந்து அட்டைகள் வெற்றிடம் விட்டே வருகின்றன. அந்த வெற்றிடத்தில் எதைக் கோப்பது என்று முடிவு செய்வது மதுரை அச்சகத்துத் தம்பிதான். வாடிக்கையாளர் கேட்பது அவர் மாதிரிப் புத்தகத்தில் காட்டியதை. காட்டாததை எவரும் கேட்பதில்லை.

காட்டுவதற்கு இன்று பொருளும் இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் என்னும் எழுத்துரு வடிவமைப்பாளர் ‘கவிவாணர்’ என்ற பெயரில் தமிழுக்கு ஒரு கையெழுத்துச் சாய்வுருவை வரைந்து, கூகுள் எழுத்துருத் தொகுப்பின் வழியே எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளத் தந்திருக்கிறார். அது பொறி சாய்த்த எழுத்து அன்று. கையோட்டத்தில் பிறந்த சாய்வு என்பதை ‘ம’கரத்தையும் ‘வ’கரத்தையும் பார்த்தாலே உணரலாம். ஒரு பத்திக்கு மேல் அதில் படிக்க எனக்குக் களைப்பாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மணமக்கள் பெயருக்கும் வாழ்த்து வரிக்கும் அது மிகப் பொருந்தும். நம் ஊரின் பெயரையே சூட்டிக்கொண்ட ‘அரிமா மதுரை’ என்னும் எழுத்துருவும் அதே தொகுப்பில் வெளிவந்தது. போர்த்துக்கல் நாட்டு வடிவமைப்பாளர்களான நதனயேல் காமாவும் ஜோவானா கொர்ரெயாவும் உருவாக்கியது. அது சாயாமலே கலத்தின் மென்மையைக் காட்டுகிறது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான நாள்முதல் தமிழெழுத்தில் போர்த்துக்கீசியர் கை இருக்கிறது. இன்னும் அவர்கள்தான் மதுரைக்கு எழுத்து வரையவேண்டுமா என்று எனக்குச் சற்றே வெட்கமாகவும் இருக்கிறது. ஆலிம் கல்லூரிகளில் அரபு வனப்பெழுத்துப் பழகும் நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் அந்தக் கலத்தைத் தமிழின் பக்கம் திருப்பலாகாதா?

அதுவரை, வீட்டில் மணம் வைத்திருப்போர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அச்சகத்துக்குப் போகும்போது, நாளையும் நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் நிமிர்ந்த தமிழெழுத்தில் போடச் சொல்லுங்கள். பெயர்களை மட்டும் கையெழுத்துருவில் போடட்டும். ஆங்கிலச் சுழலெழுத்தில் பேரெழுத்து சொல்லுக்கு ஒன்றுதான் என்று சொல்லுங்கள். மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அத்தாவிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கக் கொடுங்கள். அச்சகத்தார் முகஞ்சுளிக்கலாம், அவர் கணிப்பொறியில் இருப்பவை பழைய குறியீட்டு எழுத்துருக்கள், ஒருங்குறிக்கு மாற்றித் தட்டச்சிட அரைநாள் கூடுதலாகும் என்பார். மணநாளுக்கு இரண்டு மாதம் முன்னரே அட்டையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு அந்த அரைநாள் கிடைக்காதா?